முடிவிலாக் கதையும் முடிந்த படலங்களும்

நெடுங்கதை கேட்டல் நம்மவர்க்குப் புதியதன்று. கோயில் மண்டபத்திலே ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கந்தபுராணம் நாட்கணக்காக நடைபெறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முட் பலர். அக்கதையின் முடிவு யாவர்க்கும் தெரியும். சூரன் வீழ்வான் என்பதை அறியாத சிறுவன் ஒருவனும் அம்மண்டபத்தில் இருந்ததில்லை. தெரிந்த முடிவை நோக்கிப் படலம் படலமாக நடந்து செல்வதிலேதான் அக்கேள்வியின் இன்பம் தங்கியிருந்தது. அதற்கு நேர்மாறான நெடுங்கதையொன்றைப் பற்றி, முடிவென்பதே இல்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதழிதழாக வளர்ந்துவந்த ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையைப் பற்றி, இம்மலரிலே சில கூற விழைகின்றேன். கல்லூரியின் வரலாற்றையும் விளையாட்டுத்துறைச் சாதனைகளையும் என்னினும் வல்லார் எழுதுவர். சித்திரக்கதையும் ஒரு பொருளோ என்று முகஞ்சுளிக்கும் மூத்த அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

கதையின் தலைவன் சிலந்தி மனிதன். 1962 ஓகஸ்ற் எனத் திகதியிடப்பெற்று வெளிவந்த ‘அமேசிங் பான்ரசி’ என்னும் சஞ்சிகையின் 15ஆம் இதழிலே, பதினொரு பக்கக் கதையொன்றில், அவன் முதன்முதல் தோன்றினான். எழுதியவர் ஸ்ரான் லீ. வரைந்தவர் ஸ்ரீவ் டிற்கோ. இதழின் விலை 12 சதம். 1963 மார்ச்சில் அவன் பெயரிலேயே தனிச் சஞ்சிகை தொடங்கிற்று.

பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது நம் தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். இவனோ பீற்றர் பாக்கர் என்னும் பள்ளி மாணவன், தாய் தந்தையரை இழந்தவன், நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியிலே பென் என்னும் பெரியப்பாவாலும் மே என்னும் பெரியம்மாவாலும் வளர்க்கப்படுபவன், மூக்குக்கண்ணாடி அணிந்தவன், விளையாட்டிற் சேர்க்கப்படாதவன். இவனுக்கு நிகரானவர் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருவர் மூவர் இருந்தனர். கதிர்வீச்சுக்குட்பட்ட சிலந்தியொன்று கடித்தமையால் அவனுக்குப் பேராற்றல் வாய்க்கின்றது. அவ்வாற்றலைக் கொண்டு முதலில் அவன் செய்வது காட்சி நடத்திப் பணம் ஈட்டுவதே. ஒருநாள் தன்னெதிரே ஓடிச்சென்ற திருடனைத் தடுக்காது விடுகின்றான். அத்திருடனே பின்னர் பெரியப்பாவைக் கொல்கின்றான். ஆற்றல் மிகுந்தவனுக்குக் கடமையும் மிகும் என்னும் பாடம் அன்றுதான் அவனுக்கு எட்டுகின்றது. செய்யாமல் விட்ட ஒரு செயலின் பழியே இக்கதை முழுவதற்கும் வித்து.

இக்கதை என் கைக்கு வந்தது 1971ஆம் ஆண்டிலே, நம் கல்லூரி விடுதியிலே. என் அறைத்தோழனுடைய மாமனார் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்து கொடுத்த பழைய இதழ்க் கட்டொன்றிலே சிலந்தி மனிதனின் இதழ்கள் பதினேழு இருந்தன. அவை தொடர்ச்சியானவையல்ல, இடையிடையே பல இலக்கங்கள் இல்லை. விளக்கணைக்கும் மணி அடித்தபின் கைவிளக்கின் ஒளியிலே அவற்றைப் படித்தோம். என் தோழன் பௌதிகத்திலே ஊக்கமுள்ளவன். படத்திலே கட்டடத்துக்குக் கட்டடம் நூலிழையிற் பாயும் மனிதனைக் கண்டால், அந்நூல் எவ்வளவு இழுவிசையைத் தாங்கவேண்டும் என்று தாளில் எழுதிக் கணக்கிடுவான். எனக்கோ கதையே போதும்.

அக்கட்டிலே 31ஆம் 32ஆம் இதழ்கள் இருந்தன. 33ஆம் இதழ் இல்லை. இந்தக் குறையின் கொடுமையை உணர அப்படலத்தைச் சிறிது சொல்லல் வேண்டும். 1965 டிசம்பர் முதல் 1966 பெப்ரவரி வரையான மூன்று இதழ்களில் நடைபெறுவது அது. கதைத்திட்டமும் சித்திரமும் டிற்கோவினுடையவை. பெரியம்மா மே மரணப்படுக்கையில் இருக்கின்றார். நோயின் காரணமோ மிகக் கொடியது. அதற்கு ஏறக்குறைய ஈராண்டுகளுக்கு முன்னே, 10ஆம் இதழிலே, அவர் நோயுற்றபோது பீற்றர் தன் குருதியை வழங்கியிருந்தான். அக்குருதியிற் கலந்திருந்த கதிரியக்கமே இப்பொழுது அவரைக் கொல்கின்றது. அன்பினாற் செய்த உதவி நஞ்சாய் முடிந்தது. அவரைக் காக்கக்கூடிய அரிய மருந்தை டொக்டர் ஒக்ரோபஸ் என்னும் பகைவன் ஆற்றின் அடியிலமைந்த தன் மறைவிடத்துக்குக் கவர்ந்து சென்றுவிடுகின்றான். அங்கே நிகழும் போரிலே மாபெரும் இரும்பு இயந்திரமொன்று தலைவன்மேற் சரிந்து வீழ்கின்றது. மருந்துப் பேழை கண்ணெதிரே, கைக்கெட்டாத தூரத்திலே கிடக்கின்றது. கூரையிலிருந்து ஆற்றுநீர் சொட்டுகின்றது. அவனால் அசையவும் இயலவில்லை. 32ஆம் இதழ் அவ்விடத்தில் முடிந்துவிடுகின்றது.

அவ்வியந்திரத்தின் கீழே அவன் எங்கள் அறையிலே ஓராண்டு கிடந்தான். அவன் எப்படி மீள்வான் என்பது எங்களுக்குள் ஓயாத வழக்காயிற்று. முழுப் பலத்தையும் திரட்டித் தூக்கி எறிவான் என்பது என் கட்சி. “முன்பு தூக்க ஏலாதவன் இப்ப எப்படித் தூக்குவான்? புதிதாக என்ன வந்தது?” என்பது தோழனின் கேள்வி. ஒருநாள் அப்பியாசக் கொப்பியொன்றை என்னிடம் நீட்டினான். 33ஆம் இதழை அவனே எழுதியிருந்தான். பெட்டி பெட்டியாகக் கோடிட்டுப் படமும் வரைந்திருந்தான். அவனுடைய கதையிலே தலைவன் நீர் ஏறும்வரை காத்திருக்கின்றான். நீர் மார்புக்கு ஏறுகின்றது, முகத்துக்கு ஏறுகின்றது, மூச்சை அடக்கிக்கொள்கின்றான். நீர் இயந்திரம் முழுவதையும் மூடியபின்னரே தூக்குகின்றான். ஆக்கிமிடீசின் தத்துவத்தின்படி, மூழ்கிய பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் நிறையளவு தன் நிறையில் இழக்கும். இரும்பின் அடர்த்தி நீரின் அடர்த்தியிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு என்பதை நான் எடுத்துக்காட்டி, குறைவது எட்டிலொரு பங்குதானே என்று மறுத்தேன். அதற்கு அவன் சொன்ன விடை இன்றும் என் செவியில் நிற்கின்றது.

“எட்டிலொரு பங்கு காணும், மச்சான். மிச்சத்தை அவன் பார்ப்பான்.”

நாங்கள் கல்லூரியை விட்டு வெளியேறினோம். அவன் பட்டம்பெற்றுக் கிராமப் பாடசாலையொன்றிலே பௌதிக ஆசிரியனானான். 1987ஆம் ஆண்டின் மாரிகாலத்து மாலையொன்றில், வீட்டு முற்றத்தில் வீழ்ந்த எறிகணையால் உயிர்நீத்தான். வயது முப்பத்துநான்கு. அக்கொப்பியும் அவ்வீட்டோடு அழிந்தது. 33ஆம் இதழை அவன் கடைசிவரை கண்டதில்லை.

நான் கண்டேன். 1990களிலே, ரொறன்ரோ நகரில், பொது நூலகத்தின் அலுமாரியொன்றிலே பழைய இதழ்களைத் திரட்டிய தொகுப்பு நூல் இருந்தது. நின்றபடியே படித்தேன். தலைவன் தூக்கியே விடுகின்றான். நீர் உதவவில்லை, பகைவன் மனமிரங்கவில்லை, புதிய கருவி ஒன்றும் அகப்படவில்லை. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் நினைக்கின்றான். ஒருமுறை கடமையில் தவறியதை நினைக்கின்றான். அங்குலம் அங்குலமாக எழுகின்றான். அந்த எழுச்சிக்கு டிற்கோ பல பக்கங்களை ஒதுக்கியுள்ளார். பெட்டிகள் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிச் செல்ல, இறுதியில் ஒரு முழுப்பக்கமே ஒரு படமாகி, இயந்திரம் அவன் தோளிலிருந்து விலகுகின்றது. உலகெங்கும் சித்திரக்கதை வாசகர்கள் வியந்து பேசும் பக்கம் அது. விவாதத்தில் வென்றவன் நான். ஆனால் வென்றதைச் சொல்லி மகிழ்வதற்கு எதிர்க்கட்சிக்காரன் இல்லை.

அதன்பின் எஞ்சிய படலங்களையும் தேடிப் படிக்கலானேன். அக்கதையின் முதற் பதினைந்து ஆண்டுகளில் என்னைக் கவர்ந்தது, அங்கே காலம் நகர்ந்தமையாகும். 1965 செப்ரெம்பரில், 28ஆம் இதழில், பீற்றர் உயர்பள்ளிப் படிப்பை முடித்துப் புலமைப்பரிசிலோடு வெளியேறினான். 31இல் பல்கலைக்கழகம் புகுந்தான். 1966இல் டிற்கோ 38ஆம் இதழோடு விலக, ஜோன் றொமீற்றா சித்திரப் பொறுப்பை ஏற்றார். 1971 மே முதல் யூலை வரை வெளிவந்த 96, 97, 98ஆம் இதழ்கள் போதைப்பொருளின் தீமையைப் பேசின. அமெரிக்காவிலே 1954 முதல் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. அதன்படி போதைப்பொருளைக் காட்டுவது ஏற்கப்படவில்லை. சுகாதார, கல்வி, நலன்புரித் திணைக்களம் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஸ்ரான் லீ அக்கதையை எழுதினார். விதித்தொகுப்பினரின் முத்திரை மறுக்கப்பட்டது. முத்திரையின்றியே மூன்று இதழ்களும் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே விதிகள் திருத்தப்பட்டன. சிறுவர் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிய தாளொன்று செய்த வேலை அது.

1973 யூன் மாதத்து 121ஆம் இதழ் இவை யாவற்றிலும் கொடியது. எழுதியவர் ஜெரி கொன்வே. வரைந்தவர் கில் கேன். பீற்றரின் காதலி குவென் ஸ்ரேசியைப் பகைவன் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகின்றான். தலைவன் நூலை வீசி, வீழ்பவளை நடுவழியிற் பிடித்துவிடுகின்றான். காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்து மேலே இழுத்தால் அவள் உயிரோடு இல்லை. நூல் அவளைத் தடுத்த இடத்திலே, கழுத்தருகே, முறிவொலியைக் குறிக்கும் சிறு எழுத்துகள் மட்டும் இடப்பட்டிருந்தன. விரைந்து வீழும் உடலைச் சடுதியாக நிறுத்தினால் உந்தம் முழுவதும் ஓரிடத்திற் தாக்கும் என்பதை என் தோழன் ஒரு நிமிடத்தில் விளக்கியிருப்பான். அவ்விளக்கத்துக்குப்பின் அவன் எவ்வளவு நேரம் பேசாதிருந்திருப்பான் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகின்றது. குருதி கொடுத்தவனின் குருதியே நஞ்சாயிற்று. காக்க வீசிய நூலே உயிர் குடித்தது. ஊழின் கையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் பெருநூல்களிலும் சிலவே.

ஆயின் அத்துடன் கதை நின்றுவிடவில்லை. மாதந்தோறும் விற்றாகவேண்டிய சஞ்சிகை நிற்க இயலாது. 1975இல் குவெனின் நகலுரு ஒன்று தோன்றிற்று. 1994 முதல் 1996 வரை நகலுருக்களின் படலமே ஓயாது நடந்தது. 1995இல், 400ஆம் இதழிலே, பெரியம்மா மே மிக அமைதியாக உயிர்துறந்தார். படித்தவர் பலரைக் கண்கலங்கச் செய்த மரணம் அது. 1998இலோ, இறந்தவர் அவரைப்போல் நடித்த ஒரு நடிகை என்று அதனை அழித்தனர். 2012 டிசம்பரில், 700ஆம் இதழிலே, பீற்றரே மாண்டான், 2014இல் மீண்டான். எவ்வளவு நடந்தாலும் தலைவன் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரவேண்டும், மாறுவது போன்ற தோற்றம் மட்டும் இருந்தாற் போதும் என்பது அத்தொழிலில் ஊறிய கொள்கை.

என் மகளின் மகன் இக்கொள்கையை இயல்பாகவே கற்றுக்கொண்டான். அவனுக்குப் பத்து வயதாயிருந்தபோது 121ஆம் இதழை அவனோடு சேர்ந்து படித்தேன். முறிவொலியின் பொருளை விளக்கத் தொடங்கினேன். அவன் என்னைத் தேற்றினான்.

“கவலைப்படாதேங்கோ, அம்மப்பா. இதில ஆர் செத்தாலும் பிறகு வருவினம்.”

அச்சொல் என்னை உறுத்திற்று. இறந்தவர் மீள்வது தேவகதைகளிலும் உண்டு. மார்க்கண்டேயனைக் காலன் விட்டு நீங்கினான். ஆனால் அங்கே மீட்சி ஒருமுறை நிகழும்; அதற்குரிய தவம் முன்னே நிகழ்ந்திருக்கும். இறப்பு என்பது அடுத்த ஆண்டு விற்பனை வரையான ஓய்வு என்று ஒரு பிள்ளை எண்ணுவானாயின், தன் வீட்டு வாசலுக்கு அது வரும் நாளிலே அவன் எதைப் பற்றி நிற்பான்? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரண்டு படலங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. ஒன்று நான் முன் சொன்ன 1966ஆம் ஆண்டு இயந்திரப் படலம். மற்றையது 2007இல் நிறைவுற்ற படலம். 1987இல் பீற்றர், மேரி ஜேன் என்பாளை மணந்திருந்தான். 2007இல் அவனைக் குறிவைத்த குண்டு பெரியம்மாவின்மேற் பாய, அவர் மீண்டும் மரணப்படுக்கையில் வீழ்கின்றார். அதே மூதாட்டி; அதே ஆபத்து; அதே பிள்ளை. இம்முறை மெபிஸ்ரோ என்னும் தீய தேவன் தோன்றிப் பேரம் பேசுகின்றான். பெரியம்மா பிழைப்பார், அதற்கு விலையாக உங்கள் திருமணம் நடவாததாகிவிடும், அதன் நினைவும் எவர்க்கும் இராது என்கின்றான். கணவனும் மனைவியும் இசைகின்றனர். இருபது ஆண்டு இல்லறம் ஒரு விடியலில் இல்லாததாயிற்று.

முதற் படலத்திலே அவன் சுமையைத் தோளில் ஏற்றான். இரண்டாவதிலே சுமையை நினைவிலிருந்தே அழிக்கச் சம்மதித்தான். அவ்வாறு அழிக்க நம்மில் எவர்க்கேனும் வரம் கிடைக்குமாயின் கொள்வோமா? 1987இன் அந்த மாலையை என் வாழ்விலிருந்து நீக்கித் தருகிறேன், அதனோடு விடுதி அறையும் கைவிளக்கும் கொப்பியும் நீங்கிவிடும் என்று ஒருவன் சொல்வானாயின், யான் ஒவ்வேன். தோழனை இழந்த துயரமும் தோழனைப் பெற்ற பேறும் ஒரே நூலில் கோத்தவை. நெடுங்கதைக்கும் அது பொருந்தும். பத்தாம் இதழிற் கொடுத்த குருதி முப்பத்திரண்டாம் இதழில் நஞ்சாவதாற்றான் அது கதை. முன்பு நிகழ்ந்தது பின்பு நிகழாததாகலாம் எனின், எஞ்சுவது படங்களின் அடுக்கு.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லுதல் நீதி. இச்சஞ்சிகையை ஒவ்வோராண்டும் புதிய சிறுவர் சிலர் முதன்முறையாக எடுக்கின்றனர். அவர்களுக்கு அறுபது வயதுத் தலைவன் வேண்டியதில்லை. தம்மை ஒத்த ஒருவன் வேண்டும். ஆதலின் வெளியீட்டாளர் அவனை முதுமையுறாது காப்பதைக் குற்றமென்று முழுதும் தள்ளல் ஆகாது. எழுதுவோரும் பலர். ஒருவர் கட்டியதை மற்றொருவர் இடிப்பர். இடித்த மண்ணிலே வேறொருவர் நன்றாகக் கட்டுவர். முடிவில்லாத இக்கதையில் நிலைபெறுபவை தம்மளவில் முடிந்த படலங்களே என்பது என் துணிபு. மீட்க முடியாத ஒன்றை அவை தம்முள்ளே வைத்திருக்கின்றன.

அத்தகைய ஒன்றைப் பேரனுக்குத் தேர்ந்து கொடுத்தேன். 1984 ஜனவரியில் வெளிவந்த 248ஆம் இதழின் பிற்பகுதியிலே, றொஜர் ஸ்ரேர்ண் எழுதி றொன் பிரென்ஸ் வரைந்த சிறுகதை அது. சிலந்தி மனிதனைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளையெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை, ஓரிரவு சிலந்தி மனிதன் காண வருகின்றான். சண்டையில்லை, பகைவனில்லை. இருவரும் பேசிக்கொண்டிருக்கின்றனர். சிறுவன் கேட்டபடி தலைவன் முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும், பெரியப்பா இறந்த வரலாற்றையும் கூறுகின்றான். பின்பு சிறுவனைத் தழுவி விடைபெற்றுச் செல்கின்றான். இறுதிப் படத்திலேதான் அச்சிறுவன் இருப்பது புற்றுநோய் மருத்துவமனை என்பதும், அவனுக்கு எஞ்சியிருப்பவை சில வாரங்களே என்பதும் தெரியவருகின்றன.

பேரன் படித்து முடித்தான். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். “இவன் எத்தனையாம் இதழில சுகமாகி வாறான்?” என்று கேட்டான். “இந்தக் கதை இவ்வளவுதான், ராசா” என்றேன். அவன் தேற்றவில்லை. நூலை மூடாமல் நெடுநேரம் இருந்தான். பின்பு, “உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் இப்பிடிச் செத்தவையோ?” என்றான். அன்றுதான் என் அறைத்தோழனைப் பற்றி முதன்முறையாக அவனிடம் சொன்னேன். இயந்திரத்தையும், ஏறும் நீரையும், எட்டிலொரு பங்கையும் சொன்னேன். அவன் தாள் எடுத்து வந்து அக்கதையை மீண்டும் வரைந்து தரும்படி கேட்டான். எனக்கு வரையத் தெரியாது. கோடு நான் இட்டேன். படம் அவன் வரைந்தான்.

இளைய மாணவர்களுக்கு ஒரு சொல். எந்த நூலையும் அது அச்சான தாளின் மலிவு நோக்கித் தள்ளிவிடாதீர்கள். அது தன் மாந்தர்க்கு நேர்ந்ததை நேர்ந்ததாக மதிக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் அறைத்தோழர் ஏதேனும் எழுதி நீட்டினால் வாங்கிப் படியுங்கள், மறுப்பிருப்பின் மறுத்துரையுங்கள். தாங்கவியலாச் சுமையொன்று உங்கள்மேல் வீழும் நாளும் வரலாம். அன்று எங்கிருந்தேனும் எட்டிலொரு பங்கு குறைந்தாற் போதும். மிகுதியைச் சுமந்தவர்கள் பலர் இக்கல்லூரியிலிருந்து சென்றிருக்கின்றனர்; அவர்களுள் ஒருவனை யான் அறிவேன்.